அப்பா மச்சான்னு கூப்பிட்டிருக்கலாம்

எங்க வீதியை ரெண்டு ராஜாக்கள் ஆண்டாங்க. ஒருத்தர் எங்கப்பா, அரிசி மண்டி வெச்சிருந்தாரு. எதிர்வரிசை ராஜாவுக்கு மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலையெண்ணெய் மில்லு. காலையில ரெண்டு பேரும் அவங்கவங்க வாசல்ல சேர் போட்டு உக்காந்து, பேப்பரை விரிச்சுப் பிடிச்சு, அதுக்கு மேலாக ஒருத்தரை ஒருத்தர் முறைப்பாங்க. ரெண்டு வீடும் ஒரே ஜாதி. அதனாலதான் பகை அவ்வளவு பொருத்தமா அமைஞ்சுது. வேற ஜாதியா இருந்திருந்தா ஒரு கும்பிடு போட்டுட்டு வேலையைப் பார்த்திருப்பாங்க.

பகைக்குக் காரணம் தேரு. கார்த்திகைத் தேரு எங்க வீதியில வர்றப்போ எந்த வீட்டுத் தட்டுக்கு முதல் தீபாராதனைங்கறதுல தகராறு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடறவர் கொஞ்சம் லேட்டாப் போட்டுட்டாரு, தேரு அவங்க வாசல் பக்கமாப் போய் நின்னுடுச்சு. அவ்வளவுதான். அதுலேர்ந்து எங்க வீட்டுல மல்லாட்டை எண்ணெய் வாடையே கிடையாது, அப்பளம்கூட நல்லெண்ணெயிலதான் பொரியும். அவங்க எங்க மண்டி அரிசியைத் தொடாம போளூர்லேர்ந்து பஸ்ல மூட்டை வரவழைச்சாங்க. ரோஷம்னா அப்படி ஒரு ரோஷம். ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களும் உள்ளுக்குள்ள தலையில அடிச்சுக்கிட்டாங்க.

எழுபதுகளோட கடைசியில எனக்கு பதினெட்டு வயசு. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுட்டு வீட்டுல சும்மா இருந்தேன். வாரப் பத்திரிகையில வர்ற ராஜா ராணித் தொடர்கதையெல்லாம் படிச்சுப் படிச்சு, மூளை முழுக்க அந்தப்புரமும் உப்பரிகையுமா இருந்த காலம். நான்தான் அரிசி நாட்டு இளவரசி. எதிர்வீட்டுப் பையன் எண்ணெய் நாட்டு இளவரசன். அவன் குதிரையில வரமாட்டான், சைக்கிள்ல வருவான், பேண்ட்டு செயின்ல மாட்டாம இருக்க க்ளிப்பு போட்டிருப்பான். காதல் வந்துட்டா க்ளிப்பா கண்ணுக்குத் தெரியப்போவுது?

இதெல்லாம் என் மண்டைக்குள்ள மட்டும் நடந்ததுன்னு நினைச்சுடாதீங்க. தீபத்தன்னிக்கு சாயந்திரம் ஊரே மொட்டைமாடியில நிக்கும். மலையில தீபம் தெரிஞ்ச அப்புறம்தான் வீட்டுல விளக்கேத்துவோம். அன்னிக்கு மலை உச்சியில நெருப்பு தெரிஞ்சதும் ஊரே அரோகரான்னு கத்துச்சு. எதிர் மாடியில அவன் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டு நின்னான். சாமி குத்தம்தான், ஆனா எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

அப்புறம் கோயில் வெளிப்பிரகாரத்துல அஞ்சாறு தடவை பேசியிருப்போம். "வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். ரெண்டு வீடும் கொஞ்சம் சமாதானம் ஆவட்டும், அப்பாகிட்ட நானே கேக்கறேன். அதுவரைக்கும் பொறுத்துக்க"ன்னான். நானும் பொறுத்துக்கிட்டேன். எனக்கு வர்ற வரனுக்கெல்லாம் மூக்கு சரியில்ல, பல்லு சரியில்லன்னு அம்மா காதுல ஓதி ஓதித் தட்டிக் கழிச்சேன். கதையில எப்பவும் ரெண்டு நாட்டுக்கும் பொதுவா ஒரு ஆபத்து வரும், ராஜாங்க கை கோத்துக்குவாங்க, கடைசி அத்தியாயத்துல கல்யாணம். "அண்ணாமலையாரே, எங்க வீதிக்கு ஒரு கஷ்டத்தைக் குடு"ன்னு வேண்டிக்கிட்ட ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

குடுத்தாரு. ஒரு நாள் காலையில டேப்பும் பெயிண்ட் டப்பாவுமா ரோடு ஆபீசரும் நாலு ஆளும் வந்து, ரெண்டு வீட்டுச் சுவத்துலயும் சிவப்பா ஒரு கோடு இழுத்துட்டுப் போனாங்க. ரோடு அகலமாவப் போவுதாம், பஸ்ஸு ஜாஸ்தியாயிடுச்சாம். கோட்டுக்கு வெளியில இருக்கறதெல்லாம் இடிபடும். எங்க பக்கம் மண்டியோட முன்பாகம் போவும், அவங்க பக்கம் எதிர்வீட்டு ராஜாவோட அப்பா கட்டின வீட்டு முகப்பே போவும். ரெண்டு ராஜாவும் நடுவீதிக்கு வந்து, அவங்கவங்க கோட்டைப் பார்த்து, அப்புறம் எதிராளி கோட்டையும் பார்த்தாங்க. யாருக்குக் கம்மின்னு கண்ணாலயே அளந்தாங்க. சமமாத்தான் இருந்துச்சு.

மூணு நாள் கழிச்சு எதிர்வீட்டு ராஜா எங்க வாசப்படி ஏறுனாரு. அம்மா பதறிப்போய்ப் பாயைத் தட்டிப் போட்டாங்க. "சேர்ந்து கேஸ் போடலாம். தனித்தனியா நின்னா ரெண்டு பேர் வீட்டையும் தட்டிடுவான்"னாரு. அப்பா சீலிங் ஃபேனைப் போட்டுவிட்டு, "காபி சாப்புடுங்க"ன்னாரு. உள்ள டிகாஷன் எறக்கிக்கிட்டே நான் கல்யாண வேலையை ஆரம்பிச்சுட்டேன். கடைசி அத்தியாயம் வந்துடுச்சு, முகூர்த்தப் புடவை மாம்பழ மஞ்சளா அரக்கான்னுதான் பாக்கி.

ரெண்டு பேரும் ஜில்லாத் தலைநகருக்குப் போய் வக்கீலைப் பார்த்துட்டு, வர்ற வழியில ஒரே ஓட்டல்ல ஒரே டேபிள்ல சாப்பிட்டாங்களாம். அந்தப் பூரிப்புல மறுநாள் ரெண்டு குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போனாங்க. கொடிமரத்துக்கிட்ட எங்கப்பா தட்டுல கற்பூரம் ஏத்தினாரு. நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். இதோ, இப்ப சம்பந்தின்னு சொல்லப் போறாரு.

அப்பா கற்பூரத்தை உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, கண்ணெல்லாம் தண்ணியா, "இன்னியிலேர்ந்து நீ எனக்குக் கூடப் பொறந்த தம்பி. உன் புள்ளை என் புள்ளை, என் பொண்ணு உன் பொண்ணு"ன்னாரு. அவரும் "அண்ணே"ன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டாரு.

மச்சான்னு சொல்லியிருக்கலாமே, படுபாவி மனுஷா. மாமான்னு, மாப்பிள்ளைன்னு, நாக்குல எத்தனை உறவு கிடந்துச்சு. தம்பியாம். அப்பாவோட தம்பி புள்ளை எனக்கு என்னா முறை? இது போதாதுன்னு எங்கம்மா, அவன் அம்மா கையைப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, இனிமே நாம ஒரே வயித்துப் புள்ளைங்க"ன்னுட்டாங்க. அண்ணின்னு கூப்பிட்டிருந்தாலாவது ஒரு சந்து பொந்து கிடைச்சிருக்கும். ரெண்டு பக்கமும் பூட்டு போட்டுட்டாங்க.

ரெண்டாம் நாள் அதே பிரகாரத்துல அவனை மடக்கிப் புடிச்சேன். "உங்கப்பாகிட்ட எப்ப கேக்கப் போறீங்க?"

"எப்படிக் கேக்கறது? கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டாங்களே. ஊர்ல காறித் துப்புவாங்க"ன்னான்.

"அவங்க சாமி முன்னாடி சத்தியம் பண்ணாங்க. நீங்க எங்கிட்ட சொன்னது என்னா, சும்மாவா?"

செருப்பு விடற இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சான். "லேட்டாவுது"ன்னான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அவன் பின்னாடியே ஓடணும்னும் இருந்துச்சு.

அந்த ரோடு விஷயம் என்னாச்சுன்னு கேப்பீங்க. அந்த ஆபீசருக்கு மாத்தலாயிடுச்சு. அடுத்து வந்தவருக்கு எங்க வீதி எங்க இருக்குன்னே தெரியல. பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிச்சதுல கோடு மறைஞ்சுபோச்சு. ஆபத்து போயிடுச்சு, அண்ணன் தம்பி மட்டும் போகல. அதுக்கப்புறம் எங்க வீட்டுல அப்பளம் மல்லாட்டை எண்ணெயிலதான் பொரிஞ்சுது, எனக்கு அது தொண்டையில இறங்காது.

எண்பதுகளோட தொடக்கத்துல எனக்கு வேலூர் மாப்பிள்ளை அமைஞ்சாரு. தட்டிக்கழிக்க எனக்குக் காரணம் எதுவும் மிச்சமில்ல. முகூர்த்தத்தன்னிக்கு தாலி ஏறி, அக்னிக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். ஐயரு, "பொரி போட பொண்ணோட அண்ணன் வாங்கோ"ன்னாரு. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்ல. அப்பா பெருமையா எதிர்வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாரு.

அவன் வந்தான். அப்பா வாங்கிக் குடுத்த பட்டு வேட்டி கட்டியிருந்தான். முறத்துலேர்ந்து பொரியை ரெண்டு கையாலயும் அள்ளி, நான் நீட்டின கையில போட்டான். அவன் கை ஆடுமா, கண்ணு கலங்குமான்னு பார்த்தேன். இல்ல. ஒழுங்கா, அக்கறையாப் போட்டான்.

"பார்த்துப் புடிம்மா, கீழ சிந்துது"ன்னான்.

நடிக்கல. நிஜமாவே அண்ணனாயிட்டான். எனக்குப் பொல பொலன்னு கண்ணீர் கொட்டுச்சு, அடக்கவே முடியல. பொண்ணுக்குப் பொறந்த வீட்டு மேல எவ்வளவு பாசம் பாருங்கன்னு சொல்லி, ரெண்டு அப்பாவும் ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் கை போட்டுக்கிட்டு அழுதாங்க.