முந்நூறு அடி தள்ளி வைத்த மீட்டர்

என் வீட்டுக்காரர் தமிழழகனுக்குப் பொய் சொல்ல வராது. இருபத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவர் போன மாதம் ஊர் கூடிய இடத்தில் ஒன்று சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

அரியலூரை அடுத்த ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவர் ஃபோர்மேன். டிப்ளமோ முடித்து, மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கிய சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வெடி வைக்கும் நாளில், சுரங்கத்துக்கு ஆகக் கிட்டத்தில் இருக்கிற வீட்டு வாசலில் அதிர்வு மீட்டரை வைப்பது அவர் பொறுப்பு. சும்மா வைத்தால் ஆகாது. கடப்பாரையால் அரை முழம் தோண்டி மண்ணுக்குள் இறுக்கிப் புதைக்க வேண்டும். அதில் விழுகிற அளவைப் பார்த்துத்தான் அடுத்த வெடிக்கு எவ்வளவு மருந்து என்று மேனேஜர் முடிவு செய்வார்.

அந்தக் கிட்டத்து வீடு தனத்துடையது. மண்சுவர், ஓட்டுக்கூரை. அவள் மகள் நந்தினி ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுத்த வெடிக்கு இவர் கடப்பாரையோடு போய் நிற்க, தனம் வாசலை மறித்துக்கொண்டாளாம்.

“மாசமா இருக்கற பொண்ணு வூட்டுல பள்ளம் தோண்டலாமாண்ணே? பொறக்கற வரைக்கும் வேணாங்க.”

இவருக்கும் அதில் நம்பிக்கை உண்டு. நான் மாசமாக இருந்தபோது கொல்லையில் முருங்கைப் போத்து நடக் குழி தோண்டக்கூட விடாத மனிதர். சரியென்று வயலைத் தாண்டி, முந்நூறு அடி பின்னால் வரப்போரம் மீட்டரைப் புதைத்தார். ஏட்டில் மட்டும் ‘தனம் வீடு’ என்றே எழுதினார். அதைப் பொய் என்று அவர் அன்றைக்கு நினைக்கவேயில்லை.

தூரம் கூடினால் அதிர்வு குறையும். அளவு குறைவாகத்தானே வருகிறது என்று மேனேஜர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார். நந்தினியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வெடித்த கையோடு தனத்தின் சமையலறைச் சுவர் சரிந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. தனம் மனு கொடுத்தாள். சுரங்கத்தார் இவர் எழுதிய ஏட்டையே நீட்டி, அதிர்வு வரம்புக்குள்தான், சுவர் பழசு என்றார்கள்.

ஒரு வாரம் இவருக்குச் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் சான்றிதழ் போகும், திறக்காவிட்டால் அவளுக்குச் சுவர் கிடைக்காது. உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அவள் தடுத்ததையும் சேர்த்துச் சொன்னால் தண்டனை குறையும் என்று நான்தான் சொன்னேன்.

விசாரணைக்கு ஊரே வந்திருந்தது; நானும் போய்ப் பின்னால் நின்றேன். மீட்டரை அந்த வீட்டில் வைக்கவில்லை என்று இவர் சொன்னதும் அதிகாரி நிமிர்ந்து, ஏன் என்று கேட்டார்.

“தோண்டச் சோம்பல் பட்டுட்டேங்க சார்.”

தனம் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குச் சுவர் கட்டித் தரச் சொல்லி உத்தரவாயிற்று. இவருக்கு வேலையும் சான்றிதழும் போயின.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் லீவு போடாத மனுஷனுக்கு இந்தச் சோம்பேறிப் பட்டம் எதற்கு, அவள் தடுத்ததைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

“சொன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? நந்தினி புள்ள வயித்துல இருந்ததாலதான் வூடு இடிஞ்சுதும்பாங்க. பொறந்து இருவது நாள்கூட ஆவலடி அதுக்கு.”