இரும்புக் கம்பிக்குத் தெரியாத நான்கு டைல்

சவூதியில், அல் கோபாரில் ஒரு வில்லாவின் ஹாலில், பதினோரு நாள் முதுகு ஒடியக் குனிந்து நான் ஒட்டிய தரை முழுவதும் கன்சல்டன்ட் இன்ஸ்பெக்டர் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். கையில் ஒரு இரும்புக் கம்பி. டைலைத் தட்டுவார், காதைச் சாய்ப்பார், குறி போடுவார். நாடி பிடிக்கிற வைத்தியர்கூட அவ்வளவு பாவனை காட்டமாட்டார்.

“யே பி ஹாலோ. ஓ பி ஹாலோ. சப் தோடோ!” என்றார். எல்லா டைலுக்கும் அடியில் பொள்ளலாக இருக்கிறதாம். எல்லாவற்றையும் உடைக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் அறந்தாங்கியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை நான். பந்தல், மேளம், சமையல் எல்லாம் நான் இல்லாமலே நடக்கும். தாலி கட்ட மட்டும் நான் நேரில் வந்தாக வேண்டும் என்று பெண் வீட்டார் பிடிவாதமாக இருந்தார்கள். என் பாஸ்போர்ட்டோ கம்பெனி அலமாரியில். இந்த வில்லாவை ஒப்படைத்த பிறகுதான் லீவு என்று ஃபோர்மேன் சுடலை அண்ணாச்சி சொல்லியிருந்தார். திருநெல்வேலிக்காரர், சொன்னால் சொன்னதுதான்.

“ஏலே செல்வம், பதினோரு நாளா என்னத்தலே ஒட்டுன? அப்பளமா?” என்று அவர் என்மேல் பாய்ந்தார்.

“அண்ணாச்சி, அடியில இருக்கது தெர்மாகோல் பலகை. அதுமேல எதத் தட்டுனாலும் டொக்குன்னுதான் கேக்கும். அந்தாளு மண்டையில தட்டுனாலும் அப்படித்தான் கேக்கும்.”

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் எட்டு மாதம் ஏசி போட்டு வீட்டைக் குளிர வைப்பார்கள். குளிர்காலம் வந்ததும் அதே தரையைச் சூடாக்க ஆசைப்படுவார்கள். இந்த வீட்டு முதலாளி நல்ல காரணத்துக்காகத்தான் ஆசைப்பட்டார். அவருடைய அம்மாவுக்கு மூட்டுவலி, குளிரில் கால் வைக்க முடியாது. ஆனால் ஆசை வந்தது கதவெல்லாம் மாட்டி முடித்த பிறகு. வழக்கமான முறையில் குழாயைப் பதித்து மேலே காங்கிரீட் போட்டால் ஒரு கதவும் திறக்காது. அதனால் ஒரு விரல் கனத்தில் பலகை வந்தது. பலகையில் வரி வரியாகப் பள்ளம், பள்ளத்தில் குழாய், குழாயில் வெந்நீர். அதன்மேல் நேராக டைல்.

பலகை விற்ற கம்பெனி ஆள் ஒருநாள் முழுக்க எங்களுக்குப் பாடம் எடுத்தார். டைல் ஒட்டுகிற பசையை நாங்கள் கம் என்போம். அந்தக் கம்மைப் பல்லுக் கரண்டியால் பலகை முழுக்க இழுக்க வேண்டும், டைலின் முதுகிலும் பூச வேண்டும். நடுவில் காற்று நின்றால் சூடு மேலே வராது. அவ்வளவுதான் பாடம். இன்ஸ்பெக்டர் அன்று வரவில்லை. தெரிந்தவர்களுக்குப் பாடம் எதற்கு?

நான் பாடத்தில் சொன்னபடியே ஒட்டினேன், கடைசி நான்கு டைல் வரைக்கும். ஜன்னலோரம் அந்த நான்கு பாக்கி இருந்தபோது வாளியில் கம் தீர்ந்துகொண்டிருந்தது. ஸ்டோர் பூட்டிவிட்டார்கள். அண்ணாச்சி வாசலில் நின்று “யல்லா, யல்லா, பஸ் கெளம்புது” என்று கத்தினார். இருந்த கம்மை டைலுக்கு ஐந்து உருண்டையாக வைத்து அமுக்கிவிட்டேன். நாலு மூலையில் நாலு, நடுவில் ஒன்று. மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி மட்டம். என் தொழில் பக்தி அத்தோடு பஸ் ஏறிவிட்டது.

இப்படிப்பட்ட உத்தமன்தான் இன்ஸ்பெக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தினேன். “சாப், நீங்களே ஒரு டைல் காட்டுங்க, எடுத்துக் காட்டுறேன். முதுகுல எங்கயாவது காலியா இருந்தா நானே எல்லாத்தையும் உடைக்கிறேன்” என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சவால் விட்டேன்.

அவர் கம்பியோடு நேராக ஜன்னலைப் பார்த்து நடந்தார். கல்யாணப் பத்திரிகை, பெண்ணின் முகம் எல்லாம் கண்முன் வந்து போயின. பாதி வழியில் அவருடைய மொபைல் அடித்தது. பேசிக்கொண்டே நின்ற இடத்தில் காலால் தட்டி “யே வாலா” என்றார். ஹாலின் நட்டநடு டைல்.

கீழே குழாயில் முழு பிரஷரில் தண்ணீர். கிரைண்டரை மேலாக ஓட்டி, உளியை நைசாகக் கொடுத்து நெம்பினேன். டைல் பலகையின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தது. முதுகு முழுக்கக் கம். இன்ஸ்பெக்டர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, “ஏக்தம் ஃபுல். ஷாபாஷ்!” என்று தோளில் தட்டினார். அண்ணாச்சிக்கு அப்படியொரு பெருமை. “எங்க பய வேலைன்னா சும்மாவா?” என்றார். காலையில் அப்பளம் ஒட்டியவன் மத்தியானம் எங்க பய ஆகிவிட்டேன்.

மறுநாள் வீட்டு முதலாளியின் அம்மா வீடு பார்க்க வந்தார். அவருக்கு டிரைவர் காதர் பாய், காயல்பட்டினத்துக்காரர். எங்களுக்கு அவர்தான் அரபி மொழிபெயர்ப்பு. அந்த அம்மா கைத்தடியை ஊன்றி மெதுவாக நடந்து, ஜன்னலோரம் போய் நின்று, தன் நாற்காலியை அங்கேதான் போட வேண்டும் என்றார். சரியாக அந்த நான்கு டைல்மேல்.

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் என் சவாலே என்னைப் பிடித்துக்கொள்ளும். ஹால் முழுக்க உடைக்கச் சொல்வார்கள், கல்யாணம் கலாஸ். அந்த அம்மா எனக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஊருக்குப் போய்த் தாலியும் கட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, நல்ல குளிரில் திரும்பி வந்தேன். அந்த வில்லாவில் சுவரோரப் பட்டி ஒன்று கழன்றுவிட்டது என்று என்னையே அனுப்பினார்கள்.

“தரைச் சூடு எப்படி பாய்?” என்று காதர் பாயிடம் கேட்டேன்.

“வூடு முழுக்கக் கதகதன்னு இரிக்கிது தம்பி. பாவம், பெரியம்மாக்குத்தான் கால்ல உணர்ச்சி போச்சுது. எல்லாரும் சூடா இரிக்கிதுங்குறாங்க, அவங்க நாக்காலில உக்காந்தா ஒண்ணுமே தெரியலயாம். சுகர் முத்திட்டு, காலையே எடுத்துருவாங்களோன்னு ஒரு மாசமா அழுவுறாங்க. நாளைக்கி ரியாத்ல பெரிய டாக்டர்கிட்ட கூட்டிப் போறோம்.”

அந்த அம்மா தன் காலைச் சந்தேகப்பட்டிருக்கிறார், டைலைச் சந்தேகப்படவில்லை. அதுதான் பாஸான தரையாயிற்றே!

“பாய், அவங்க நாற்காலிய அந்தச் சுவத்துப் பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்க” என்றேன்.

தள்ளிப் போட்டார்கள். அந்த அம்மா உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அடுத்த காலையும் வைத்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஜன்னலோரம் மட்டும் ஏன் சுடவில்லை என்று அந்த அம்மா கேட்டார். ஐந்து உருண்டைக் கதையைச் சொன்னேன்.

“இத அப்படியே சொல்லவா தம்பி?” என்று காதர் பாய் தயங்கினார்.

“சொல்லுங்க பாய்.”

அவர் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காதர் பாய் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “இத அன்னைக்கே சொல்லிருந்தா, ஒரு மாசம் பயந்துகிட்டு கெடந்திருக்க மாட்டேனே மகனேங்குறாங்க.”

அன்றே அந்த நான்கையும் பெயர்த்து, முழுக் கம் இழுத்து ஒட்டினேன். பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை.

இப்போது நானும் ஃபோர்மேன். வேலை முடிந்ததும் ஆட்கள் வந்து, “கம்பியால தட்டிப் பாக்குறீங்களாண்ணே?” என்பார்கள். “தட்ட வேணாம்பா. எந்த டைல்னு உனக்கே தெரியும்ல, அதப் பேத்து ஒழுங்கா ஒட்டிட்டு வா” என்பேன். நாலைந்து பேர் திரும்பிப் போய்ப் பெயர்த்து ஒட்டியிருக்கிறார்கள்.