ஜெயித்துக் கெட்ட சங்கம்

சங்க அலுவலகத்தின் பதினோரு டீ கிளாஸையும் இப்போது கணக்கெழுதுகிற அம்மாள்தான் கழுவுகிறாள். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுப்பு கேட்டுப் போராடிய சங்கம் அது. முன்பு கிளாஸ் கழுவிய பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல், வாரத்தில் ஏழு நாளும் விடுப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அம்மாளை எல்லோரும் ‘கணக்கு’ என்றே கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடப் பேரேடு அவள் கையெழுத்தில் இருக்கிறது. புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரியும்: சங்கம் தோற்ற வருடமெல்லாம் நன்கொடை கொட்டியிருக்கிறது. வழக்கு தள்ளுபடியான வருடம் ஒரு வேன் வாங்கினார்கள். ஊர்வலத்தில் செயலாளரம்மாவுக்குக் கை முறிந்த வருடம் இன்னொரு வேன். கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று கணக்கு சொன்னபோது, போராடுகிறவர்கள் உண்டியலா வைத்துக்கொள்வார்கள் என்று செயலாளர் சிரித்தார்.

போன வருடம் சட்டம் வந்துவிட்டது. செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. கையிலிருந்த கடைசிப் பணத்தில் மூவாயிரம் கடிதம் அச்சடித்து, நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்பினார்: வென்றுவிட்டோம், நன்றி. சட்டம் நடக்கிறதா என்று கண்காணிக்க இனிமேல்தான் பணம் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கணக்கு மன்றாடினாள். சந்தோஷச் செய்தியில் கையேந்துவதா என்று செயலாளர் அந்த வரியைச் சேர்க்க விடவில்லை. நன்கொடையாளர்கள் மரியாதை தெரிந்தவர்கள். வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். நன்றாக ஓய்வெடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பணம்தான் வரவில்லை.

கணக்குக்கு நாலு மாதமாகச் சம்பளம் இல்லை. செருப்புக் கடையில் கல்லாவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். சம்பளப் பாக்கிக்கு ஒரு வேனையாவது ஓட்டிக்கொண்டு வா என்று லாரி பட்டறையில் வேலை பார்க்கிற அவள் புருஷன் யோசனை சொன்னார். இரண்டையும் விற்றாகிவிட்டது என்பது அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் செயலாளர் அறைக்குப் போனாள். செயலாளர் நாற்காலிமேல் ஏறி நின்று, புதிதாக வந்த வாழ்த்து அட்டையைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, செருப்புக் கடைக்கு இன்னைக்குள்ள பதில் சொல்லணும்.”

“இவ்வளவு ஜெயிச்சதுக்கு அப்புறமா போற?”

“ஜெயிச்சதுதானே வம்பு. தோத்துக்கிட்டே இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தோம்.”

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கு சிரிக்கவில்லை.

“அந்த மூவாயிரம் பேருக்கும் இன்னொரு கடிதம் போடலாம். அவசரப்பட்டுட்டோம், வேலை இன்னும் முடியலைன்னு. கையெழுத்துப் போடுவீங்களா? போட்டா இருக்கேன்.”

செயலாளர் அட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். கோணலாக இருந்தது. பிரித்து மறுபடி ஒட்டினார். கணக்கு அது நேராகும்வரை நின்று பார்த்தாள். பிறகு வெளியே போனாள்.