548 காட்டிய விரல்

இருதயசெல்வி விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நாள்தோறும் ரயிலேறிப் போய், ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக, இருபத்திரண்டு வருடங்களாக மற்றவர்களின் இரத்தத்தைப் படித்துவருகிறார். ஹீமோகுளோபின் மூன்று இருந்த ஓர் அம்மாள், கண்டமங்கலத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து இறங்கி, சும்மா அசதியாக இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டிருக்கிறார். ரிப்போர்ட்டின்படி முந்தைய மாதமே இறந்திருக்க வேண்டிய பெரியவர் ஒருவர், வடை சூடாக இல்லை என்று கேன்டீனில் சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறார். மருத்துவ அறிவியல் இத்தகையவர்களை மன்னிப்பதில்லை. இருதயசெல்வி மன்னித்துவிடுவார்.

அவருக்கு ஒரு வழக்கம். எண் எதுவானாலும், மருந்து கொடுக்குமுன் நோயாளியை ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். எந்தப் பரீட்சையிலும் இதற்கு மதிப்பெண் கிடையாது. இளம் நர்ஸ்கள் இதற்கு ‘செல்வியக்கா ஆசீர்வாதம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போன தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பகல் பன்னிரண்டு மணிக்கு அமிர்தசாமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே கரும்புச்சாறு பிழிந்து விற்பவர். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். ஊருக்கெல்லாம் இனிப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு வாய் குடிக்காத துறவி. அன்று மிஷின் பக்கத்திலேயே சரிந்துவிட்டார். கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது.

இருதயசெல்வி ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்து, குத்தி, சர்க்கரை அளக்கும் மீட்டரில் ஒரு சொட்டு வைத்தார். 548.

டியூட்டி டாக்டர் இனியவன் பணிக்குப் புதியவர். கரும்புச்சாறு விற்பவருக்கு ஐந்நூறு வராமல் வேறு யாருக்கு வரும் என்று திருப்தியடைந்து, உடனே இன்சுலின் எழுதினார். தர்க்கத்தில் பிழையே இல்லை. அது அமிர்தசாமியைக் கொன்றுவிடும் என்பது மட்டும்தான் அதிலிருந்த சிறு குறை.

ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்த இருதயசெல்வி வழக்கப்படி அவர் கையைத் தொட்டார். உடம்பு சில்லென்றிருந்தது. சட்டையைப் பிழிந்தால் வழியும் அளவுக்கு வியர்வை. சர்க்கரை இவ்வளவு ஏறியவர் வறண்டு கிடப்பாரே தவிர, இப்படி நனைந்து கிடக்கமாட்டார். போதாததற்கு, விரலில் வைத்த பஞ்சை எடுத்தால் பிசின் போல ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

காலையில் என்ன சாப்பிட்டார் என்று அவர் மனைவி ஜெசிந்தாவிடம் கேட்டார்.

“வெள்ளிக்கிழம ஒருசந்திங்க சிஸ்டர். சாயந்தரம் வரிக்கும் பச்சத்தண்ணி தொடமாட்டாரு. மாத்திரய மட்டும் உடமாட்டாரு. அது சாப்பாட்டுல சேராதுன்னு ரெண்டயும் போட்டுக்கினுதான் கடைக்குப் போனாரு.”

சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை இரண்டு, வெறும் வயிறு, வெயில். உடம்பில் இனிப்பு வற்றிப்போயிருக்க, விரலில் மட்டும் அது மண்டிக்கிடந்தது. ஸ்பிரிட்டுக்கு அசையாத அந்தக் கரும்புச்சாற்றைத்தான் மீட்டர் நேர்மையாக அளந்து சொல்லியிருந்தது.

இனியவனிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னார். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, இன்னொரு கையில் குத்தினார்.

31.

இனியவன் எழுதியதை அடித்துவிட்டு, குளுக்கோஸ் பாட்டிலைத் தானே எடுத்து மாட்டினார். டாக்டர் ஒருவர் பாட்டில் மாட்டியதை வார்டு அன்றுதான் பார்த்தது.

கால் மணி நேரத்தில் அமிர்தசாமி கண் திறந்தார். மேலே தொங்கியதைப் பார்த்தார்.

“சிஸ்டர், ஒருசந்தி முறிஞ்சிடுச்சா?”

“நரம்புல போறது கணக்குல வராது. இப்ப இட்லி துன்னப் போறீங்க பாருங்க, அது வரும். சர்ச்சு சாமியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன், வாயத் தெறங்க.”

பிறகு இருதயசெல்வி ஜெசிந்தாவைத் தனியே அழைத்து, முதலில் சோப்புப் போட்டுக் கழுவாமல் குத்தியது தன் தப்பு என்றார். மருத்துவமனையில் இப்படி ஒரு வாக்குமூலத்தைக் கேட்டுப் பழக்கமில்லாத ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இருக்கட்டும் சிஸ்டர். மாத்திரயப் போட்டுக்கினு பட்டினி கெடந்தது எங்க தப்பு. ஆளுக்கு ஒண்ணு ஆச்சு. நடுவுல மனுசன் பொழச்சிக்கினாரே.”

போடாத ஊசி தட்டில் அப்படியே இருந்தது. இருதயசெல்வி அதிலிருந்த இன்சுலினைக் கடைசிச் சொட்டு வரை தன் கையாலேயே பீய்ச்சிக் கொட்டினார். ஜெசிந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். யார் யாருக்கு நன்றி சொன்னார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் புரியவில்லை; இருவருமே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.