குறுக்கே கிடந்த பச்சைக் கொப்பு

உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் காட்டுப் பாதையில் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தேன். குறுக்கே ஒரு பச்சைக் கொப்பு கிடந்தது. காற்றுக்கு விழுந்ததென்று நினைத்துத் தாண்டிப் போனேன். கொஞ்ச தூரத்தில்தான் உறைத்தது, ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வயல் காவலுக்கு வந்த ஒருவர் கொப்புக்குப் பக்கத்தில் நின்று, சத்தம் போடாமல், மெல்ல நடந்து வரும்படி கையைக் காட்டினார். நடந்து போனேன்.

"உள்ள யானை நிண்டா நாங்க கொப்பு முறிச்சுப் போடுவம். தெரியாதா புள்ள?"

"எங்க நிக்குது?"

"அந்தப் பத்தைக்குள்ள. நீ போகக்குள்ளயும் வரக்குள்ளயும் உனக்குப் பக்கத்திலதான் நிண்டது."

பார்த்தேன். புதரில் ஓர் இலை அசையவில்லை.

இப்போதும் ஓடுகிறேன். அசைகிற பற்றைகளுக்கு நான் பயப்படுவதில்லை.