சந்தனம் பூசிய அளவுத் தொட்டி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குடியிருப்பில், கடல் தடுப்புச் சுவருக்குப் பின்னால் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தொட்டி வைத்திருந்தோம். சுவரைத் தாண்டி விழும் அலைநீர் அதில் சேர்ந்து, அடியிலுள்ள துளை வழியே வடிந்துவிடும். மேலே சின்னத் தகட்டுக் கூரைக்கு அடியில் ஒரு சென்சார். தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்து என் போனுக்கு அனுப்பும். இதுதான் என் வேலை என்றால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தச் சுவரை உயர்த்தப் போகிறார்கள், எந்த வீடு வரைக்கும் என்பதை அந்தப் பருவத்தின் அளவுதான் முடிவு செய்யும். தொட்டியை ஒட்டிய கடைசி வீடு ஒரு மீன்காரம்மாவுடையது. முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, எங்க வூடு வரைக்கும் கல்லு ஏத்துவாங்களா?"

"தண்ணி தாண்டுதுன்னு இந்த மிஷின் சொன்னா ஏத்துவாங்கம்மா."

அன்றிலிருந்து தொட்டிக்கு அவர்தான் காவல். யாராவது கிட்டே போனால் போதும், "டேய், அத்தத் தொட்ட, தோல உரிச்சிருவேன்!" என்று கத்துவார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் பெரிய அலை வரும், மதியம் சுவரைத் தாண்டும் என்று எங்கள் கணிப்பு சொல்லியிருந்தது. விடுமுறை. படூரில் வீட்டில் உட்கார்ந்து, மிச்சப் பொரியைக் கொறித்துக்கொண்டே போனைப் பார்த்தேன். தண்ணீர் அளவைக் காட்டும் கோடு படுத்தே கிடந்தது. கணிப்புதான் சொதப்பிவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.

அடுத்த நாள் போனால், மீன்காரம்மாவின் வாசலில் பாயும் துணிகளும் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டுச் சுவரில் முட்டி உயரத்துக்கு ஈரம். அரிசி மூட்டை உப்புத் தண்ணீரில் ஊறிப் போயிருந்தது.

தொட்டியைப் பார்த்தேன். பூஜைக்காகத் தேய்த்துக் கழுவி, மாலை போட்டிருந்தார். சென்சாரின் கண் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். தன் வீட்டுக்காரரின் போட் இன்ஜினுக்குச் செய்த அத்தனையும் இதற்கும் செய்திருந்தார். கூரைக்கு அடியில் இருந்ததால் அலைகூட அதைக் கழுவவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஈரச் சுவரைப் படமெடுத்து, நடந்ததை எழுதி அனுப்பினேன்.

"படம் அளவாகுமா மேடம்? அன்னிக்கு ரீடிங் ஜீரோ," என்றார் மேலதிகாரி.

"இன்னொரு பருவம் அளந்து பாக்கலாமே சார்."

"கல்லு லாரி கிளம்பிடுச்சு. இந்தப் பருவம் முடியறதுக்குள்ள இன்னொரு அலைய மிஷின் காட்டினா பாக்கலாம்."

அந்தப் பருவத்தில் அதன்பிறகு பெரிய அலையே வரவில்லை. ஒரு அலை வராதா என்று தினமும் ஏங்கினேன். என்ன பிழைப்பு இது.

பக்கத்து வீட்டோடு கல் நின்றது. தொட்டியைக் கழற்ற நான் போனபோது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாம்மா, பக்கத்து வூட்டோட நிறுத்திட்டாங்க? அன்னிக்கி முட்டி வரைக்கும் தண்ணி பூந்துச்சே, மிஷினு சொல்லலியா?"

சந்தனத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அன்னிக்கு மிஷின் வேலை செய்யலம்மா," என்றேன்.

அவர் தொட்டியின் விளிம்பைத் தடவிக் கொடுத்தார்.

"பொட்டு வெச்சி, கற்பூரம் காட்டி, இதாண்ட, 'வூட்டக் காப்பாத்து'ன்னு வேண்டிகினனே. அப்பவுமா வேல செய்யல?"