மம்மியும் என் பெரியம்மாவும்

போன வெள்ளிக்கிழமை தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு — எகிப்திய மம்மிகளின் டி.என்.ஏ.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். மேடையும் மைக்கும் வாய்த்த முதல் ஆளும் நான்தான். விடுவேனா? அச்சுவேலியில் இருந்து பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையோடு முன்வரிசையில் இருந்தார்.

நன்றாகத்தான் பேசினேன். பல ஆயிரம் வருடம் கிடந்த உடலின் பல்லில் கொஞ்சம் பொடி எடுத்தால் போதும். அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள், யாரோடு கலந்தார்கள் என்று வாசிக்கலாம். ஆனால் வெக்கை டி.என்.ஏயைச் சிதைத்துவிடும். அதைவிட மோசம் நம் எச்சில். ஒரு துளி விழுந்தால் மம்மியின் கதைக்குப் பதிலாக நம் கதையைத்தான் வாசிப்போம். அதனால்தான் ஆய்வுகூடத்தில் எல்லோரும் வாயை மூடிக் கட்டியிருப்பார்கள்...

ஒரு மாணவி எழும்பினாள்.

"மிஸ், எங்கடை ஆக்களை எரிச்சு, சாம்பலைக் கீரிமலைக் கடலிலை கரைச்சுப்போடுறம். பிறகு எங்கடை வரலாறை எப்பிடிப் பாக்கிறது?"

"மீனைப் பிடிச்சுப் பாரடி!" என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி.

மண்டபமே சிரித்தது. நானும்தான். பெரியம்மா சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்.

"பிள்ளை, அப்ப எரிக்காத ஆளைக் கண்டுபிடிக்கலாமோ?"

யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? கடைசிச் சண்டையில் காணாமல் போன அவருடைய ஒரே மகன். என் அண்ணை. அவருக்கு எரிப்பும் இல்லை, அந்தியேட்டிச் சடங்கும் இல்லை.

"ஓம் பெரியம்மா, கண்டுபிடிக்கலாம்."

"அவன்ரை சேட்டு ஒண்டு கிடக்கு. ஆனா தீபாவளிக்குத் தீபாவளி தோய்ச்சு மடிச்சு வைக்கிறனான். வாற நேரம் ஊத்தையாக் கிடக்கக் கூடாதெண்டு... பிழை விட்டிட்டனோ?"

"சேட்டுத் தேவையில்லை. தாயின்ரை டி.என்.ஏ பிள்ளையிலை இருக்கும். உங்கடை எச்சில் கொஞ்சம் எடுத்தாக் காணும்."

மேடையில் பேசிய அதே குரல். படித்தவள் அல்லவா!

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "என்ரை எச்சிலோ? இப்பவே எடன்."

கொஞ்சத் தூரம் போனதும் மெல்லக் கேட்டார்.

"எடுத்து? அதை எதோடை பொருத்திப் பாப்பினம்?"

மம்மியைப் பற்றிய கேள்வி என்றால் சட்டென்று சொல்லியிருப்பேன்.

"சொல்லு பிள்ளை."

"புதைகுழியளிலை கிண்டி எடுக்கிற எலும்புகளோடை..."

பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அவன் வருவான் எண்டு சேட்டுத் தோய்க்கிறன். நீ அவனை எலும்புக்குள்ளை தேடச் சொல்லுறாய்."

மம்மிகளை ஆராய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மம்மியின் தாய் பக்கத்து சீட்டில் இருக்கமாட்டார்.

பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அச்சுவேலி வரும்வரை கையை எடுக்கவேயில்லை. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன். கண் காய்ந்துதான் கிடந்தது.

ஒரு துளி எச்சில்கூட வெளியே விழக்கூடாதாம்.